நார்மல் அக்காவின் கைராசி

எங்கள் வீட்டில் என்னை ஒருவரும் நார்மல் என்று சொன்னதில்லை. எனக்கு வாய் நீளம், மூக்கு நுனியில் கோபம். வாசலில் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கென்று ஒரு குத்தல் தயாராக வைத்திருப்பேன். நான் பேசத் தொடங்கிய வயதிலேயே அண்ணன் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டான். பேசிப் பேசியே ஒரு வேலையைத் தொலைத்திருக்கிறேன், இரண்டு சிநேகிதிகளைத் தொலைத்திருக்கிறேன். அண்ணியை மட்டும் தொலைக்க முடியவில்லை. அவர் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர் ஆயிற்றே! முப்பது வருடமாக நானும் அவரும் சண்டை போட்டபடியே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் என் பெயரே நார்மல் அக்கா. என் குணத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். என் தோலைப் பார்த்து வைத்தது.

அங்கே எனக்குச் செல் வளர்க்கும் வேலை. கண்ணாடிக் கதவு வைத்த பெட்டிக்குள் கையுறையோடு கையை விட்டு, சின்னச் சின்னத் தட்டுகளில் இருக்கும் செல்களுக்குப் பழைய தீனியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிய தீனி ஊற்ற வேண்டும். தினமும் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று செல்லுக்குத் தெரியாது. எங்கள் மேடம், அதாவது கூடத்தின் தலைவி, ஆராய்வது ஒரு வகை மூளைத் தேய்வு நோயை. நோயாளிகளின் தோலில் கொஞ்சம் கிள்ளி எடுத்து, அந்தச் செல்லைப் பிறந்த குழந்தை நிலைக்குத் திருப்பி, பிறகு நரம்புச் செல்லாக வளர்த்துப் பார்ப்பார்கள். உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து பார்க்க முடியாதே, அதனால் இந்தச் சுற்றுவழி.

ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத ஒருவரின் செல்லும் வேண்டும். யார் தருகிறீர்கள் என்று மேடம் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். தைரியம் என்று சொல்லிக்கொள்வேன், உண்மையில் அன்றைக்கு மேடத்திடம் நல்ல பெயர் வாங்க வேண்டிய கட்டாயம் ஒன்று இருந்தது. முந்தைய நாள்தான் ஒரு விலை உயர்ந்த குப்பியைக் கீழே போட்டு உடைத்திருந்தேன். முழங்கைக்கு மேலே மிளகு அளவு தோலை எடுத்தார்கள். அது பல்கிப் பெருகி, உறைபெட்டியில் அடுக்கடுக்காக ‘நார்மல்’ என்று சீட்டு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் எந்த நோயாளியின் செல் வந்தாலும், அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று என்னை வைத்துத்தான் அளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்தில் சொன்னேன், மளிகைக் கடையில் சொன்னேன், அண்ணியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

“உன்னை வெச்சா அளக்கறாங்க? அப்போ அந்த நோயாளிங்க எல்லாம் தேவலாம்னு வந்திருக்குமே,” என்றார் அண்ணி.

அந்தச் செல்களில் என்ன பார்க்கிறார்கள் என்று எனக்கும் ஓரளவு தெரியும். வருடக்கணக்கில் காதில் விழுந்தது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணு என்று நீளமான ஓர் எழுத்துக் கோர்வை இருக்கிறது. ஒரு புரதம் செய்வதற்கான குறிப்பு அதில் ஒரே ஓட்டமாக இருக்காது. வேண்டிய துண்டுகளுக்கு நடுநடுவே வேண்டாத துண்டுகள். செல் முதலில் மொத்தத்தையும் நகலெடுக்கும், பிறகு வேண்டாததை வெட்டி எறிந்து வேண்டியதை ஒட்டிக்கொள்ளும். எதை வெட்டுவது, எதை விடுவது என்று பார்த்துக்கொள்ள அங்கே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. டௌ என்று ஒரு புரதம். நரம்புச் செல்லுக்குள் சாமான் போய்வரும் பாதைகளைத் தாங்கிப் பிடிப்பது அது. அதன் குறிப்பில் பத்தாவது துண்டு தகராறு பிடித்த துண்டு. வளர்ந்தவர் மூளையில் அதைப் பாதி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், பாதி நேரம் வெட்டிவிட வேண்டும். அந்தக் கணக்கு பிசகி, எப்போது பார்த்தாலும் வைத்துக்கொண்டே இருந்தால், ஒரு வகை டௌ அதிகமாகித் திரண்டு, நரம்புகள் மெல்ல மெல்லச் சாகும். பெரும்பாலும் முன்மண்டையில். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் போவது ஞாபகம் இல்லை, குணம்.

தட்டில் வளர்கிற இளம் செல்கள் அந்தப் பத்தாவது துண்டை அனேகமாக வெட்டித்தான் போடும். அதை வைத்துக்கொள்ளும் பக்குவம் வர மாதக்கணக்கில் ஆகும். இதைச் சோதிக்க ஜெல் என்ற கூழ்ப்பலகையில் அந்த நகலை ஓடவிடுவார்கள். துண்டு இருந்தால் மேலே ஒரு கோடு ஒளிரும், இல்லாவிட்டால் கீழே ஒரு கோடு. மற்ற கூடங்களில் மேல் கோட்டுக்காக மாதக்கணக்கில் தவம் கிடப்பார்கள். எங்கள் கூடத்தில் என் செல்லில் அது சில வாரங்களிலேயே பளிச்சென்று வந்துவிடும்.

“அக்கா கைராசி!” என்றார்கள் எல்லோரும்.

நானும் நம்பிவிட்டேன். நம்பியதோடு நிற்கவில்லை, விளக்கமும் கண்டுபிடித்தேன். தீனியைக் கை பொறுக்கும் சூட்டில்தான் ஊற்றுவேன். நடுவில் ஊற்ற மாட்டேன், ஓரமாகச் சுவரில் வழியவிடுவேன். இன்குபேட்டர் கதவை அடித்துச் சாத்த மாட்டேன். வீட்டுக் கோபத்தை அங்கே கொண்டுபோக மாட்டேன். வேறு ஊர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் பக்கத்தில் நின்று கைப்பக்குவத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள். ஒரு கூட்டத்தில் என்னை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். “செல்லும் குழந்தை மாதிரிதான், அவசரப்படுத்தினா முகத்தைத் திருப்பிக்கும்” என்றெல்லாம் பேசிக் கைதட்டல் வாங்கினேன். இதைக் கேட்ட என் கணவர், லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர், “எனக்கு ஆறிப்போன டீ, அங்க செல்லுக்கு வெதுவெதுப்பா?” என்று மட்டும் கேட்டார்.

இந்தப் பெருமையின் உச்சியில் இருந்தபோதுதான் அண்ணன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று ஒரு வில்லையை மாற்றி மாற்றி எத்தனை தடவை வேண்டுமானாலும் காட்டுவான். கிழவர்கள் குழம்பித் திரும்பத் திரும்பக் கேட்டாலும் குரல் உயராது. எங்கள் குடும்பத்துக்கு வர வேண்டிய பொறுமை முழுவதும் அவனுக்கே போய்விட்டது என்று அம்மா சொல்வாள். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே விபத்தில் போய்விட்டார், அவர் எப்படிப்பட்டவராக மாறியிருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட அண்ணன் ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் மாறினான். ஒரு பெண்மணி கண்ணாடிக்குச் சட்டம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, “இந்த மூஞ்சிக்கு எதை மாட்டினாலும் ஒண்ணுதான்” என்றான். எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளர் குடித்துக்கொண்டிருக்கும் டீயை எடுத்துக் குடிப்பான். இனிப்பு பிஸ்கட்டைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்பான். அண்ணி காய்ச்சலில் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினான். கடைசியில் அண்ணியின் அம்மா இறந்த அன்று, எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவன் சத்தமாகச் சிரித்து, “அப்பாடா, ஒரு கட்டில் காலி” என்றான்.

அதை அண்ணியால் தாங்க முடியவில்லை. யாரால் முடியும்? துணிமணியை ஒரு பையில் போட்டு, அவனை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“முப்பது வருஷம் நல்லவன் வேஷம் போட்டிருக்கார் உங்க அண்ணன். இப்போதான் நிஜ மூஞ்சி தெரியுது. வெச்சுக்கோ.”

அதற்கப்புறம் அண்ணன் என் வீட்டு சோபாவில்தான் வாழ்ந்தான். நான் வேலையிலிருந்து வந்தால் தலை திருப்பிப் பார்க்க மாட்டான். என் தட்டில் கை வைப்பான். ஒரே பாட்டின் ஒரே வரியைச் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான். “திமிர்! உடம்பு முழுக்கத் திமிர்!” என்று நான் கத்துவேன். அவன் புன்னகையோடு பிஸ்கட் கேட்பான். அண்ணியோ கடையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வருடக் கடைசியில் மகள் இருக்கும் ஊருக்கே போய்விடப் போவதாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வருகிற எண்ணம் இல்லை, உங்கள் அண்ணன் இனி உங்கள் பாடு என்று. அண்ணனுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. எனக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. அண்ணன் வீடு உடைகிறதே என்று பாதி, சோபா இனி எனக்கு இல்லை என்று பாதி. எந்தப் பாதி பெரியது என்று கேட்காதீர்கள்.

இதே சமயத்தில்தான் கூடத்துக்கு ஓர் இளம் ஆராய்ச்சியாளர் புதிதாக வந்தார். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவார், சாப்பிட்டுக்கொண்டே நடப்பார். நாங்கள் வைத்த பெயர் அவசரம். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

“ஒரே ஒரு நார்மல்தானா? இன்னும் ரெண்டு பேரோடது வேணாமா அக்கா?”

“நான் ஒருத்தி போதாதா?” என்றேன்.

அவர் வெளியிலிருந்து வேறு ஒருவரின் ஆரோக்கியமான செல்லை வரவழைத்தார். அதே தீனி, அதே தட்டு, அதே என் கை. வாரங்கள் போயின. ஜெல்லில் என் செல்லுக்கு மேல் கோடு வந்தது, வாங்கிய செல்லுக்கு வரவில்லை. எனக்கு உள்ளூர ஒரே குஷி. “காசு கொடுத்து வாங்கினதுல வளர்ப்பு சரியிருக்காது” என்று தீர்ப்புச் சொன்னேன். இன்னொன்று வரவழைத்தார். அதற்கும் வரவில்லை. “பாத்தீங்களா? வேத்து ஆளுன்னு அதுக்குத் தெரியுது” என்றேன். அவசரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து கூடத்தின் காற்றே மாறிப்போயிற்று. நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். நான் கேட்காமலேயே எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். கனமான தீனிப் புட்டிகளை “குடுங்க அக்கா” என்று வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பெண் என் தோளைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டாள். எனக்கா புரியாது? வருடத்துக்கு ஒருமுறை சிறந்த ஊழியர் என்று ஒருவருக்குக் கேடயம் தருவார்கள். இந்த வருடம் எனக்குத்தான், ரகசியமாக வைத்திருக்கிறார்கள், பாவம் நடிக்கத் தெரியவில்லை. அன்று மாலையே தலைக்குச் சாயம் பூசினேன். கண்ணாடி முன் நின்று அடக்கமாகச் சிரித்துப் பழகினேன். எனக்கு அடக்கம் அவ்வளவு சுலபமாக வராது, நாலைந்து முறை முயன்றேன்.

மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். இருப்பதில் நல்ல உடையில் போனேன். மேசை மேல் கேடயம் இல்லை, காகிதக் கைக்குட்டைப் பெட்டிதான் இருந்தது. நானே நெகிழ்ந்து அழுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“உட்காருங்க,” என்றார் மேடம். “நார்மல் செல்லைப் பத்தி ஒரு விஷயம் தெரிய வந்திருக்கு. அது உங்களைப் பத்தினதும்தான். நீங்க கேட்டுக்கணும்னா சொல்றேன். வேண்டாம்னா சொல்ல மாட்டேன். யோசிச்சு சொல்லுங்க, இன்னைக்கே சொல்லணும்னு இல்ல.”

“இதுல என்ன மேடம் யோசிக்க? தாராளமா சொல்லுங்க. ஆனா இது நான் தனியா செஞ்சது இல்ல மேடம், எல்லாரோட உழைப்பும்...”

மேடம் என்னையே பார்த்தார். “நீங்க எதுக்குக் கூப்பிட்டேன்னு நினைச்சீங்க?”

“கேடயம்...” என்றேன்.

இருபது வருடத்தில் மேடம் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். என் செல்லின் எழுத்தை அவசரம் படித்துப் பார்த்திருக்கிறார். பத்தாவது துண்டு முடிந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த எழுத்து மாறினால் வெட்ட வேண்டிய துண்டை வெட்டாமல் வைத்துக்கொள்ளும். அதனால்தான் மேல் கோடு அத்தனை சீக்கிரம் வந்தது. தட்டில் வளரும்போது செல்லில் தப்பு நேர்வதும் உண்டு, ஆகவே உறுதி இல்லை, ஆஸ்பத்திரியில் தனியாக ரத்தம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், பார்ப்பதும் பார்க்காததும் என் விருப்பம். பிறகு, எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஐம்பது வயதுக்கு மேல் குணம் மாறிப்போனது உண்டா என்று கேட்டார்.

கேள்வி காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. நான் அப்போது என்ன கேட்டேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது.

“அப்போ என் கைராசி?”

“செல்லை நீங்க நல்லாத்தான் வளர்க்கறீங்க,” என்றார் மேடம். “ஆனா அந்தக் கோடு... அது உங்க கை இல்ல.”

நான் என்ன ஒரு மேடைப் பேச்சுப் பேசினேன்! இரண்டு பேர் பயணம் செய்து வந்து, தீனியை ஓரமாக ஊற்றக் கற்றுக்கொண்டு போனார்களே! நோயாளிகளின் செல்லுக்கும் நார்மலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று மேடம் பல வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டதும் என்னால்தான். தொடக்கத்திலேயே என் எழுத்தைப் படித்திருக்கலாம். ஆனால் நார்மல் அக்காவைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அறையை விட்டு வெளியே வந்தேன். எதிர்ச் சுவரில் அந்த நோயின் அடையாளங்களை எழுதிய பெரிய சுவரொட்டி இருக்கிறது. அதன் கீழே உள்ள பெஞ்சில் உட்கார்ந்துதான் நான் வருடக்கணக்கில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறேன். அன்றைக்குத்தான் நின்று படித்தேன். பேச்சில் அடக்கம் போய்விடும். அடுத்தவர் துக்கம் உறைக்காது. இனிப்புக்கு ஏங்குவார். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார். தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்புவார். கடைசி வரி என்னையும் சேர்த்துத்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் முதல் நான்கும் அண்ணன். என் சோபாவில் சீட்டியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அண்ணன். சுவரொட்டிக்குக் கீழே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவனைத் திமிர் பிடித்தவன் என்று திட்டியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சாயம் பூசிய தலையோடு, நல்ல உடையோடு.

மேடம் சொன்ன நரம்பு மருத்துவரிடம் அண்ணனை அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்று அடம்பிடித்தான், பிஸ்கட் காட்டிக் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் மருத்துவரிடம், “உங்க கண்ணாடி கோணல். மூஞ்சியும் கோணல்,” என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் உரிமையோடு அந்த மனிதரின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, காதுக்கம்பியை இரண்டு விரலால் வளைத்து, மறுபடி மாட்டிவிட்டான். கண்ணாடி அச்சாகப் பொருந்தியது. படம் எடுத்துப் பார்த்ததில் மூளையின் முன்பக்கம் சுருங்கியிருந்தது. சில வாரம் கழித்து அவன் ரத்தப் பரிசோதனையின் முடிவும் வந்தது. அதே எழுத்து, அதே இடத்தில். என் செல்லில் தட்டில் நேர்ந்த தப்பாக இருக்கலாம் என்று நான் பிடித்துக்கொண்டிருந்த கயிறும் அன்றே அறுந்தது.

இப்போது அண்ணியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் போகமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் அவருக்கு ஒரே மகள். அப்பாவிடம் இருக்கும் எழுத்து பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனை அண்ணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், அதே கையால் மகளைப் பற்றிய பயத்தையும் தூக்கிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அண்ணி தன் பாட்டுக்குப் புருஷனை வெறுத்துக்கொண்டு, மகளோடு நிம்மதியாக இருப்பார். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக எத்தனையோ நாள் அழுதவள், அந்த வாரம் முதல் தடவையாக அப்பாடா என்று நினைத்தேன், நினைத்ததற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“என்ன பண்ணட்டும்?” என்று கணவரைக் கேட்டேன். ஒரு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் ஒரு பொருளை விடாமல் பழுது பார்க்கிறார்.

“அவங்க புருஷனைப் பத்தின விஷயம். மறைக்க நீ யாரு?” என்றார். அதோடு மறுபடி குழாய்க்குத் திரும்பிவிட்டார்.

வருடக் கடைசி நெருங்கிவிட்டது. கடைக்குப் போனேன். பாதி அலமாரி காலி. அண்ணி தரையில் உட்கார்ந்து சட்டங்களைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பதமாகத் தொடங்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவள், வாயைத் திறந்ததும் சொன்னது இதுதான்: “கடையை இப்படியா குப்பையா போட்டு வெப்பீங்க?”

“உங்க அண்ணனுக்குத் தூது வந்தியா, இல்ல கூட்டிப் பெருக்க வந்தியா?”

அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்து சொன்னேன். வெட்டுவது, ஒட்டுவது, பத்தாவது துண்டு, முன்மண்டை, படம், ரத்தம் எல்லாம். அண்ணியின் கை நிற்கவே இல்லை.

“உங்க குடும்பத்துல எல்லாத்துக்கும் ஒரு காரணம் தயாரா இருக்கும்,” என்றார். “எங்கம்மா பொணத்துக்கு முன்னாடி சிரிச்சதுக்கு ஓர் எழுத்து காரணமா? யாருக்குக் காதுல பூ சுத்தற? அவரை என் தலையில மறுபடி கட்டணும், உனக்கு உன் சோபா வேணும். அவ்வளவுதானே?”

சோபா விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப் போனேன். ஆனால் அப்போது எனக்குக் கோபம் வரவில்லை.

“எனக்கும் இருக்கு அண்ணி,” என்றேன்.

“என்ன இருக்கு?”

“அதே எழுத்து. என் செல்லுலதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. நான் நார்மல் இல்ல. கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ்வளவும் நோயி.”

அண்ணியின் கை நின்றது. முப்பது வருடத்தில் என்னிடம் ஒரு குறை இருக்கிறது என்று நான் அவரிடம் ஒப்புக்கொண்டதே கிடையாது. உப்பு அதிகமான குழம்புக்குக்கூட உப்பு விற்றவனைத்தான் குற்றம் சொல்வேன்.

“நீயே சொல்றேன்னா அது நிஜமாத்தான் இருக்கும்,” என்றார். குரல் இறங்கிவிட்டது. கையிலிருந்த சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ அன்னைக்குச் சிரிச்சது...”

“அது அவன் இல்ல அண்ணி.”

“முன்னாடி நல்லா இருந்தாரே, அது?”

“அதுதான் அவன். வேஷம் இல்ல.”

அண்ணி முகத்தை மூடிக்கொண்டார். “நான் அவரைச் சொல்லாத சொல் இல்ல. வாசல்ல வெச்சு, நாலு பேரு பாக்க, என்னென்ன சொன்னேன்! இப்போ யார்கிட்ட போய் மன்னிப்பு கேக்கறது? கேட்டா புரிஞ்சுக்கற மனுஷன் எங்க இருக்காரு?”

பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான் முடிந்தது. அவராகவே தலையைத் தூக்கினார்.

“அவளுக்கும் வருமா?”

“பாதிக்குப் பாதி. வரலாம், வராமலும் போகலாம். பரிசோதனை பண்ணிக்கறதா வேண்டாமான்னு அவளே முடிவு பண்ணலாம். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.”

அண்ணி எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். “அவகிட்ட நான் நேர்ல போய்ச் சொல்றேன். நீ போன்ல கீன்ல வாயைத் திறந்துடாத. உனக்கு நல்ல சேதி சொல்லவே வராது, இதை வேற சொல்லணுமா?”

அன்று மாலையே என் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் சோபாவில் காலை நீட்டிப் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு மனைவியைப் பார்க்கிறான். ஏற இறங்கப் பார்த்தான்.

“குண்டாயிட்ட,” என்றான்.

அண்ணி ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

“ஆமாங்க, குண்டாயிட்டேன். எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்.”

“அங்க பிஸ்கட் இருக்கா?”

“வாங்கிக்கலாம்.”

அவன் எழுந்தான். அவ்வளவுதான். எத்தனை மாதம் என் வீட்டில் இருந்தான், போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டார். வாசலில் அண்ணனை நிறுத்திவிட்டு அண்ணி என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு எப்போ வரும்னு ஏதாவது சொன்னாங்களா?”

“அதெல்லாம் யாராலயும் சொல்ல முடியாது.”

“பயமா இருக்கா?”

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். “இருக்கு அண்ணி. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல.”

அண்ணி என் கையைப் பிடித்தார். சண்டையில் கையைப் பிடித்து இழுத்ததைத் தவிர அவர் என் கையைப் பிடித்து நான் அறியேன். “வந்தா நான் இருக்கேன். உங்க அண்ணனைப் பாக்கற மாதிரி உன்னையும் பாத்துக்கறேன். ஆனா உனக்கு வந்தா எப்படித்தான் கண்டுபிடிக்கறது? அவர் தங்கமா இருந்தவரு, மாறினது தெரிஞ்சுது. நீ பொறந்ததுலேர்ந்தே இப்படித்தானே!”

என் கணவர் இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கில் அடைத்தது.

“ஒண்ணு பண்றேன்,” என்றார் அண்ணி. “என்னைக்கு நீ என்னைத் திட்டாம, வாங்க அண்ணி உட்காருங்க அண்ணின்னு மரியாதையா பேசறியோ, அன்னைக்கே உன்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடறேன்.”

“முதல்ல அவன் வெறுங்காலோட நிக்கறான், பாருங்க. செருப்பு மாட்டிவிடக்கூடத் தோணல, இவங்க என்னைப் பாத்துக்கப் போறாங்களாம்!” என்றேன்.

“இப்போதைக்கு இவளுக்கு ஒண்ணும் இல்ல,” என்று அண்ணி என் கணவரிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து, அண்ணன் காலில் செருப்பை மாட்டத் தொடங்கினார்.